டெபியன் 12: போஸ்ட்கிரெஸ் 15.9-இலிருந்து 15.8-க்குத் திரும்புவது எப்படி?

மளிகை_கணக்கு | சனி, காலை 10.12

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் மொத்த மளிகைக் கடையில் கணினி வேலையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெட்டியில் டெபியன் 12 லினக்ஸ், அதில் தரவுத்தளமாக போஸ்ட்கிரெஸ் 15. மூன்று பில் கவுண்டர்களும் அந்தப் பெட்டியோடுதான் பேசும். யூபிஎஸ் இருப்பதால் அதை இரவிலும் அணைப்பதில்லை.

இன்று காலை கடை திறந்ததிலிருந்து மூன்று கவுண்டரிலும் பில் மென்பொருள் திறக்கவே இல்லை. பையன்கள் சீட்டில் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட்டின் ஹிஸ்டரி பதிவைத் திறந்து பார்த்தேன். காலை 6.23-க்கு போஸ்ட்கிரெஸ் 15.8 போய் 15.9 வந்திருக்கிறது. நான் எதுவும் செய்யவில்லை, தானாக நடந்த அப்டேட். இணையத்தில் தேடினால், 2024 நவம்பர் 14-ஆம் தேதி வெளியான இந்தப் பதிப்பில் கோளாறு என்று பலர் எழுதியிருக்கிறார்கள்.

பழைய 15.8-ஐ மறுபடி போடுவது எப்படி? பழைய டெப் கோப்பு (நிறுவும் பேக்கேஜ்) ஆப்ட்டின் கேஷ் அடைவில் இருக்கும் என்று நினைத்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. சனிக்கிழமை வியாபாரம், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

நள்ளிரவு_ரூட் | சனி, காலை 10.31

போனிலிருந்து எழுதுகிறேன், கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேஷ் காலியாக இருப்பதில் வியப்பில்லை. தானியங்கி அப்டேட் வேலை முடிந்ததும் டெப் கோப்புகளை அழித்துவிடும், அதன் இயல்பு அமைப்பே அதுதான். ஆப்ட் கட்டளையும் 2016 முதல் அப்படித்தான். பழைய ஆப்ட்-கெட் மட்டும் இன்னும் வைத்திருக்கும்.

ஆனால் உங்களுக்கு அந்தக் கோப்பு தேவைப்படாது. முதலில் 'ஆப்ட் பாலிசி போஸ்ட்கிரெஸ்கியூஎல்-15' என்று கொடுங்கள். இரண்டு பதிப்பு காட்டும் என்று நினைக்கிறேன். 15.9 பாதுகாப்புக் களஞ்சியத்திலிருந்து வந்தது. 15.8 இன்னும் புக்வர்மின் (டெபியன் 12-இன் பெயர்) முதன்மைக் களஞ்சியத்தில் கிடக்கும். அது இருந்தால் 'ஆப்ட் இன்ஸ்டால்' கொடுத்து, பேக்கேஜ் பெயருக்கு ஒட்டினாற்போல் சமக்குறி, அதற்கு ஒட்டினாற்போல் முழுப் பதிப்பு எண். நடுவில் இடைவெளி கூடாது. முழு எண் என்றால் 15.8 மட்டும் போதாது, பாலிசி காட்டும் '15.8-0+டெப்12யூ1' அப்படியே வர வேண்டும். இங்கேதான் பாதிப்பேர் தடுக்கி விழுவார்கள்.

சர்வர் பேக்கேஜ், கிளையன்ட் பேக்கேஜ் இரண்டையும் ஒரே வரியில் கொடுங்கள். லிப்பிகியூ5 என்ற இணைப்பு நூலகத்தைத் தொட வேண்டாம், பல மென்பொருள்கள் அதன்மேல் நிற்கின்றன.

அப்புறம் ஒன்று, இதை மட்டும் தயவுசெய்து செய்யுங்கள். நிஜமாக ஓட்டுவதற்கு முன் அதே கட்டளையில் மைனஸ் எஸ் சேர்த்து ஒத்திகை பாருங்கள். 'நீக்கப்படும் பேக்கேஜ்கள்' என்று ஒரு பட்டியல் வந்தால், நிறுத்திவிட்டு இங்கே ஒட்டுங்கள். பதிப்பு இறக்குகிறேன் என்று போய் டெஸ்க்டாப்பையே கழற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆப்ட் சொல்லிவிட்டுத்தான் செய்தது, அவர்கள்தான் படிக்காமல் ஒய் அழுத்தினார்கள்.

தரவுத்தோழி | சனி, காலை 10.50

பதிப்பை இறக்குவதற்கு முன் ஒரு நிமிடம்.

முதல் விஷயம், பேக்கப். பெட்டியிலேயே உட்கார்ந்து, எல்லாத் தரவையும் ஒரே கோப்பாக எழுதும் பிஜி-டம்ப்-ஆல் ஓட்டி, அந்தக் கோப்பை வேறொரு கணினிக்கோ பென்டிரைவுக்கோ நகலெடுங்கள். அது முடியாமல் எதையும் தொடாதீர்கள்.

இரண்டாவது, கவுண்டரில் வரும் பிழைச்செய்தி என்ன? 'திறக்கவில்லை' என்பதற்கு இருபது காரணம் இருக்கலாம். வந்த வரியை அப்படியே எழுதுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், 15.9 பற்றி நீங்கள் படித்த கோளாறு உண்மைதான், ஆனால் அது ஒரு குறிப்பிட்ட வகை. போஸ்ட்கிரெஸுக்குள் ரிசல்ட்-ரெல்-இன்ஃபோ என்று ஒரு ஸ்ட்ரக்ட் (நினைவகத்தில் தரவை அடுக்கும் அமைப்பு) இருக்கிறது. இந்த வெளியீட்டில் அதன் அளவு கொஞ்சம் வளர்ந்துவிட்டது. பழைய அளவை நம்பிக் கம்பைல் செய்யப்பட்ட சில எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்கள்) அதனால் தடுமாறுகின்றன. 17.1, 16.5, 14.14 எல்லாவற்றிலும் இதே கதைதான். கூடவே, ஆல்டர் யூசர் கட்டளை வழியாகப் பயனருக்கு ரோல் அமைத்து வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சிக்கல். இவற்றைச் சரிசெய்ய 21-ஆம் தேதி, அட்டவணைக்கு வெளியே, புதிய வெளியீடு வரும் என்று திட்டக்குழு அறிவித்திருக்கிறது. கடையின் பில் மென்பொருள் எக்ஸ்டென்ஷன் எதையாவது பயன்படுத்துகிறதா? இல்லையென்றால் இந்தக் கோளாறு உங்களைத் தொடவே வாய்ப்பில்லை.

15.8-க்குப் போவதால் தரவு கெடுமா என்று பயப்பட வேண்டாம். 15-க்குள் மேலே கீழே போனால் வட்டில் இருக்கும் கோப்பு வடிவம் மாறாது. 16-க்குப் போய்விட்டு 15-க்குத் திரும்புவதுதான் நடக்காத காரியம். 16 எழுதிய அடைவை 15 திறக்கவே மறுக்கும். டம்ப் எடுத்து மறுபடி ஏற்றினால்தான் வழி.

ஆனால் 15.9 பாதுகாப்புத் திருத்தங்களோடு வந்த பதிப்பு என்பதை மறக்காதீர்கள். பிஎல்-பெர்ல் (தரவுத்தளத்துக்குள் பெர்ல் மொழி நிரல் ஓட்டும் வசதி) வழியாகச் சூழல் மாறிகளை மாற்ற முடிந்த ஓட்டை, சிவிஇ-2024-10979, இதில்தான் அடைக்கப்பட்டது. 15.8-க்குப் போனால் அது மறுபடி திறந்துகொள்ளும். கடைக்குள் மட்டும் ஓடும் பெட்டி, பிஎல்-பெர்ல் நிறுவவில்லை என்றால் சில நாள் சமாளிக்கலாம். கைமாற்று வாங்குவது மாதிரி நினையுங்கள். திருப்பிக் கொடுக்கும் தேதியை இன்றே எழுதி வையுங்கள்.

ஆர்ச்_வாசி | சனி, காலை 11.20

டெபியன்காரர்கள் இதற்கு இவ்வளவு பாடுபடுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. ஆர்ச் லினக்ஸில் ஆப்ட்டுக்குப் பதிலாக இருக்கும் பேக்மேன் பழைய பேக்கேஜ்களை நாமாக அழிக்கும் வரை கேஷிலேயே வைத்திருக்கும். பேக்மேன் மைனஸ் பெரிய யூ, கோப்பின் பாதை, முடிந்தது. கோப்பு இல்லையென்றால் ஆர்ச் லினக்ஸ் ஆர்க்கைவ். அதில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அடைவு உண்டு. மிரர் பட்டியலில் தேதியோடு அந்த முகவரியைப் போட்டு, சின்ன யூவை இரண்டு தடவை கொடுத்து அப்டேட் செய்தால் மொத்தக் கணினியும் அந்த நாளுக்குத் திரும்பிவிடும்.

நள்ளிரவு_ரூட் | சனி, காலை 11.34

டெபியனுக்கும் அது உண்டு நண்பரே. ஸ்னாப்ஷாட் டாட் டெபியன் டாட் ஆர்க், 2005 முதல் சேமித்து வைத்திருக்கிறார்கள். முகவரியிலேயே ஆண்டு, மாதம், நாள், மணி எழுதினால் அந்த நேரத்துக் களஞ்சியம் கிடைக்கும். ஒரே சிக்கல், பழைய ரிலீஸ் கோப்பு சிலவற்றில் காலாவதித் தேதி உண்டு, ஆப்ட் அதைப் பார்த்து ஏற்க மறுக்கும். சோர்ஸ் வரியில் சதுர அடைப்புக்குள் 'செக்-வேலிட்-அன்டில்=நோ' என்று சேர்த்தால் ஒத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தை எனக்குப் பிடித்திருக்கிறது, 'மொத்தக் கணினியும்'. ஆர்ச்சில் ஒரே ஒரு பேக்கேஜை மட்டும் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு மற்றதை முன்னே விட்டால் என்ன ஆகும் என்று அவர்களுடைய விக்கியே எச்சரிக்கிறது. நூலகம் புதிது, அதைப் பயன்படுத்தும் நிரல் பழையது, இரண்டும் பேசிக்கொள்ளாது.

ஆர்ச்_வாசி | சனி, காலை 11.41

அது உண்மை. நானே பட்டிருக்கிறேன்.

பைத்தான்_மாணவி | சனி, மதியம் 12.05

இழைக்குள் வேறு கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும், ஆனால் தலைப்புக்கு நெருக்கமானதுதான். பைத்தானின் நம்பை என்ற கணித நூலகத்தைப் பிப் கருவி வைத்துப் போட்டிருக்கிறேன். சீனியர் தந்த புராஜெக்டை ஓட்டினால், நம்பை 1-இல் கம்பைல் செய்த மாட்யூல் நம்பை 2-இல் ஓடாது என்று பெரிய செய்தி வருகிறது. அவருடைய கணினியில் ஓடுகிறது. இதற்கும் பழைய பதிப்புதான் போட வேண்டுமா?

தரவுத்தோழி | சனி, மதியம் 12.20

ஆமாம் மா, உனக்கு அதுதான் சரியான வழி. நம்பை 2.0 2024 ஜூன் மாதம் வந்தது. அதற்கு முன் கம்பைல் ஆன மாட்யூல்கள் அதோடு ஒட்டாது. மேலே சொன்ன ஸ்ட்ரக்ட் கதையின் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள், ஆனால் இங்கே அவர்கள் தெரிந்தே, முன்கூட்டியே அறிவித்துச் செய்தது. பிப் இன்ஸ்டால் கொடுத்து, மேற்கோள் குறிக்குள் நம்பை, சிறியது என்ற குறி, 2. மேற்கோள் குறி முக்கியம். அது இல்லாவிட்டால் ஷெல் அந்தக் குறியை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளும்.

இதைத் தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்றில் செய். அதில் என்ன உடைந்தாலும் அந்த அடைவை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். கடைக்காரத் தம்பிக்கு அந்த வசதி கிடையாது, அவர் இறக்குவது மொத்தக் கடைக்கும் பொதுவான ஒன்று. அப்புறம் உன் சீனியரிடம் பிப் ஃப்ரீஸ் ஓட்டி, அது தரும் பதிப்பு எண்களின் பட்டியலை அனுப்பச் சொல். அது கூடவே வந்திருந்தால் உனக்கு இந்த அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

பைத்தான்_மாணவி | சனி, மதியம் 12.48

ஓடிவிட்டது அக்கா! மிக்க நன்றி.

மளிகை_கணக்கு | ஞாயிறு, காலை 8.15

நேற்று பதில் போட முடியவில்லை, இரவு பத்து மணி வரை கையால்தான் பில். மன்னிக்கவும்.

நேற்று மதியம் டம்ப் எடுத்துப் பென்டிரைவில் போட்டேன். பாலிசியில் ரூட் அண்ணா சொன்னபடியே இரண்டு பதிப்பும் இருந்தன. ஒத்திகை பார்த்தேன், எதுவும் நீக்கப்படவில்லை, இரண்டு பேக்கேஜ் மட்டும் கீழே இறங்கும் என்றது. செய்தேன், 15.8 வந்தது. ஆனாலும் கவுண்டரில் மென்பொருள் திறக்கவில்லை. சரி, காலையில் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது வந்து பார்த்தால் மறுபடியும் 15.9 இருக்கிறது! நான் போட்டது ஒட்டவே இல்லையா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நள்ளிரவு_ரூட் | ஞாயிறு, காலை 8.28

ஒட்டியது தம்பி. நீங்கள் தூங்கும்போது மறுபடி ஏறிவிட்டது. தானியங்கி அப்டேட்டின் டைமர் காலை 6 மணிக்கு, அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு நிமிடத்தில் ஓடும். அதன் கண்ணுக்கு 15.8 என்பது பாதுகாப்புத் திருத்தம் இல்லாத பழைய பேக்கேஜ். அதன் வேலையை அது செய்தது. இதை நேற்றே நான் சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போனது என் தவறு.

இறக்கிய கையோடு 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' கொடுத்து அந்த இரண்டு பேக்கேஜையும் பூட்ட வேண்டும். அப்புறம் ஆப்ட்டும் தொடாது, தானியங்கியும் தொடாது. இன்னொரு வழி, ஆப்ட்டின் பிரிஃபரென்ஸஸ் அடைவில் ஒரு கோப்பு எழுதிப் பதிப்பை 'பின்' செய்வது, அதாவது நிலைநிறுத்துவது. அதில் முன்னுரிமை எண் 1000-க்கு மேல் இருந்தால் ஆப்ட் தானே பதிப்பைக் கீழேயும் இறக்கும். 990 வரை கொடுத்தால் இறக்காது. பல கணினிகளை ஒரே பதிப்பில் நிறுத்துபவர்களுக்கு அது நல்லது. ஒரு பெட்டிக்கு ஹோல்ட் போதும்.

ஆனால் 15.8-இலும் ஓடவில்லை என்கிறீர்களே. அப்படியானால் பதிப்பின்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

தரவுத்தோழி | ஞாயிறு, காலை 8.40

எனக்கும்தான். பிழைச்செய்தியை இன்னும் சொல்லவில்லையே தம்பி.

மளிகை_கணக்கு | ஞாயிறு, காலை 8.52

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு', போர்ட் 5432 என்று வருகிறது அக்கா. பெட்டியில் உட்கார்ந்து பிஎஸ்கியூஎல் ஓட்டினால் உள்ளே போகிறது, எல்லா டேபிளும் இருக்கின்றன.

தரவுத்தோழி | ஞாயிறு, காலை 8.57

அந்த ஒரு வரி நேற்றே வந்திருந்தால் உங்கள் சனிக்கிழமை தப்பியிருக்கும்.

ரெஃப்யூஸ்டு என்றால் கதவைத் தட்டிய இடத்தில் ஆளே இல்லை என்று பொருள். எக்ஸ்டென்ஷன் கோளாறு என்றால் உள்ளே போன பிறகுதான் வெடிக்கும். உங்கள் சர்வர் உயிரோடு இருக்கிறது, ஆனால் வெளியிலிருந்து வருபவர்களுக்குக் காது கொடுக்கவில்லை.

இரண்டு விஷயம் பாருங்கள். பெட்டியில் 'எஸ்எஸ் -எல்டிஎன்' ஓட்டி 5432 எந்த முகவரியில் நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் எட்சி, போஸ்ட்கிரெஸ்கியூஎல், 15, மெயின் அடைவுக்குள் போஸ்ட்கிரெஸ்கியூஎல் டாட் கான்ஃப் கோப்பில் லிசன்-அட்ரசஸ் வரி என்ன சொல்கிறது? அந்தக் கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியையும் சொல்லுங்கள்.

மளிகை_கணக்கு | ஞாயிறு, காலை 9.10

127.0.0.1 மட்டும்தான் அக்கா. கோப்பில் லிசன்-அட்ரசஸ் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று இருக்கிறது. அதற்கு மேல் வரியில் பழைய நட்சத்திரக் குறி, முன்னால் ஹேஷ் போட்டு முடக்கி வைத்திருக்கிறது. மாற்றிய தேதி அக்டோபர் 25. அன்று பேக்கப் அமைத்துத் தர ஒருவர் வந்திருந்தார். அதன் பிறகு மூன்று வாரம் நன்றாகத்தானே ஓடியது?

தரவுத்தோழி | ஞாயிறு, காலை 9.24

அதுதான் விஷயம். லிசன்-அட்ரசஸ் மாற்றம் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால்தான் நடைமுறைக்கு வரும், ரீலோட் போதாது. அவர் கோப்பை மாற்றினார், ரீஸ்டார்ட் செய்யவில்லை. நீங்கள் பெட்டியை அணைப்பதே இல்லை. ஆகவே மூன்று வாரமும் சர்வர் தன் நினைவில் இருந்த பழைய நட்சத்திரத்தோடுதான் ஓடியது. சனிக்கிழமை காலை 15.9 வந்தபோது பேக்கேஜ் தன் வழக்கப்படி சர்வரை ரீஸ்டார்ட் செய்தது. அந்த நொடியில்தான் அக்டோபர் 25-ஆம் தேதி மாற்றம் உயிர் பெற்றது. நேற்று நீங்கள் 15.8-க்கு இறக்கியபோதும் அதே ரீஸ்டார்ட், அதே கோப்பு. எந்தப் பதிப்புக்குப் போனாலும் இதுதான் நடந்திருக்கும்.

நட்சத்திரத்தைத் திரும்பப் போடாமல் பெட்டியின் உள்முகவரியையும் லோக்கல்ஹோஸ்டையும் காற்புள்ளியிட்டு எழுதுங்கள். யார் இணையலாம் என்று சொல்லும் பிஜி-ஹெச்பிஏ கோப்பில் கவுண்டர்கள் இருக்கும் முகவரி வரம்பு மட்டும் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு பார்வை. அப்புறம் ரீஸ்டார்ட்.

இனி இப்படி ஒளிந்திருக்கும் மாற்றத்தைக் கண்டுபிடிக்க, ஒரு ரீலோட் கொடுத்துவிட்டு பிஜி-செட்டிங்ஸ் வியூவில் பெண்டிங்-ரீஸ்டார்ட் நெடுவரிசை உண்மை என்று காட்டும் வரிகளைக் கேளுங்கள். 9.5-இலிருந்து இந்த வசதி இருக்கிறது. நான் பராமரிக்கும் சர்வர்களில் எந்த அப்டேட்டுக்கு முன்னும் இதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

மளிகை_கணக்கு | ஞாயிறு, காலை 9.41

மூன்று கவுண்டரும் ஓடுகின்றன!! அப்பா பக்கத்தில் நிற்கிறார், உங்கள் இருவருக்கும் நன்றி சொல்லச் சொன்னார். நேற்றைய சீட்டுகளை எல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

15.9-இலேயே இருக்கட்டுமா, இல்லை இன்னும் 15.8-க்குப் போக வேண்டுமா?

தரவுத்தோழி | ஞாயிறு, காலை 9.50

எக்ஸ்டென்ஷன் இல்லை, ஆல்டர் யூசர் ரோல் இல்லை என்றால் 15.9-இலேயே இருங்கள்.

ஆர்ச்_வாசி | ஞாயிறு, காலை 11.15

அருமையான இழை. படித்ததும் 2024 மார்ச் மாத எக்ஸ்இசட் (கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்) விவகாரம் நினைவுக்கு வந்தது. அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் ஒரு போஸ்ட்கிரெஸ் டெவலப்பர். டெபியன் சிட் (வளர்ச்சியில் இருக்கும் பதிப்பு) கணினியில் போஸ்ட்கிரெஸ் வேகத்தை அளந்துகொண்டிருந்தவர், எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து நூல் பிடித்துப் போய், 29-ஆம் தேதி எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு இருப்பதை அறிவித்தார். அன்று உலகத்துக்கே பதிப்பை இறக்க வேண்டிய அவசரம்.

நள்ளிரவு_ரூட் | ஞாயிறு, மதியம் 12.02

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். டெபியன் அன்று செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆப்ட் தானாகக் கீழே இறங்காது, எண் பெரிதாக இருந்தால்தான் எடுத்துக்கொள்ளும். லட்சம் பேரிடம் 'கையால் இறக்குங்கள்' என்று சொல்ல முடியுமா? அதனால் உள்ளே பழைய நிரலை வைத்து, பதிப்பு எண்ணை '5.6.1+ரியலி5.4.5-1' என்று எழுதி வெளியிட்டார்கள். 'பெயர் 5.6.1, உண்மையில் 5.4.5' என்று வெளிப்படையாகவே எழுதிய எண். ஆப்ட் அதை மேலேறும் அப்டேட்டாகப் பார்த்தது, கணினிகளுக்குள் போனதோ பழைய பதிப்பு. வழக்கமான அப்டேட் கொடுத்தவர்கள் எல்லோரும் தப்பினார்கள்.

பதிப்பு இறக்கத்தை டெபியன் அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. பேக்கேஜுக்குள் நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்டுகள் இருக்கும். பழைய அமைப்பைப் புதிய வடிவுக்கு மாற்றத் தெரிந்தவை அவை, திருப்பி மாற்ற யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஃபயர்ஃபாக்ஸ் 67 முதல் இதை நேராகவே சொல்கிறது. புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பில் திறந்தால் நிறுத்திக் கேட்கும்.

மேக்_மேசை | ஞாயிறு, மாலை 5.30

மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிறுவல் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்காக ஒரு வரி. அங்கே நினைத்த பதிப்பை எண் போட்டுக் கேட்க முடியாது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்@15 மாதிரி பெரிய பதிப்புகள் மட்டும் தனி ஃபார்முலாவாக (நிறுவும் குறிப்பாக) இருக்கும். வேறு ஏதாவது வேண்டுமென்றால் ப்ரூ எக்ஸ்ட்ராக்ட் கொடுத்துப் பழைய ஃபார்முலாவைச் சொந்த டேப்புக்குள் (களஞ்சியத்துக்குள்) எடுத்துக் கட்ட வேண்டும், பல நேரம் கட்டவும் வராது. இருப்பதை நகராமல் வைக்க ப்ரூ பின்.

மளிகை_கணக்கு | டிசம்பர் முதல் வாரம், இரவு 9.50

பழைய இழையை மேலே கொண்டுவருகிறேன். 15.10 வந்துவிட்டது. தானியங்கி அப்டேட்டில் போஸ்ட்கிரெஸை மட்டும் விலக்கி வைத்திருந்தேன், இன்று கடை மூடிய பிறகு நானே போட்டேன். முதலில் டம்ப். அப்புறம் ரீலோட் கொடுத்து பெண்டிங்-ரீஸ்டார்ட் கேட்டேன், ஒரு வரியும் வரவில்லை. அதன் பிறகுதான் ஆப்ட். மூன்று கவுண்டரிலும் ஒவ்வொரு பில் போட்டுப் பார்த்தோம், அச்சாகின்றன. பூட்டிய பேக்கேஜ்களைக் காட்டும் ஆப்ட்-மார்க் ஷோஹோல்டும் காலி.